எம்.ஜி.ஆரின் கிட்னி: கரிசக்காட்டு எம்.எல்.ஏ, புரூக்ளின் பேஷன்ட்!

எம்.ஜி.ஆர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ரெண்டு மூணு மீம் டெம்ப்ளேட், தாத்தா வீட்டுச் சுவர்ல மாட்டியிருக்கிற படம். அவ்வளவுதான் இருக்கும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் 60 வயசைத் தாண்டினவங்ககிட்ட இதே கேள்வியைக் கேட்டுப்பாருங்க. பாட்டு, படம், சண்டைனு ஆரம்பிச்சு, எப்படியும் 1984-க்கு வந்து நிப்பாங்க. அந்த வருஷக் கடைசியில தமிழ்நாடு மொத்தமும் பேசினது ஒரு மனுஷனோட ரெண்டு சிறுநீரகங்களைப் பத்தித்தான். டயாலிசிஸ், டோனர், மாற்று அறுவை சிகிச்சை மாதிரியான வார்த்தைகள் நம்ம டீக்கடை பெஞ்சுக்கு வந்ததும் அப்போதுதான் என்பது என் கணக்கு.

கரிசல் மண்ணுக்கும் எம்.ஜி.ஆருக்கும் நேரடி உறவு உண்டு. 1977 சட்டமன்றத் தேர்தலில் அவர் நின்று ஜெயித்து, முதன்முதலாக முதலமைச்சரானது அருப்புக்கோட்டை தொகுதியில் இருந்து. கோவில்பட்டியில் கிளம்பி எட்டயபுரம், பந்தல்குடி வழியாகப் போனால் அருப்புக்கோட்டை. வழி முழுக்க ஒரே கறுப்பு மண். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மிளகாய். மழை பெய்தால் விளைச்சல், பெய்யாவிட்டால் கம்மாயில் விரிசல். வெயில் காலத்தில் அந்த விரிசலுக்குள் கையை விட்டு எடுக்கலாம்.

பசியில் தொடங்கிய உடம்பு

1917 ஜனவரி 17. இலங்கையின் கண்டி பக்கம் பிறந்தார். அப்பா கோபாலன் மேனன் சீக்கிரமே இறந்துபோக, அம்மா சத்யபாமா பிள்ளைகளோடு கும்பகோணம் வந்து சேர்ந்தார். அங்கே வறுமை. பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. அண்ணன் சக்கரபாணியும் தம்பி ராமச்சந்திரனும் சாப்பாடு கிடைக்கும் என்பதற்காகவே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்கள். இந்த அண்ணனை மறந்துவிடாதீர்கள், கதையில் பிறகு வேண்டும்.

1936-ல் 'சதி லீலாவதி' படத்தில் சின்ன வேடம். கதாநாயகன் ஆவதற்கு 1947-ல் வந்த 'ராஜகுமாரி' வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு நடந்ததெல்லாம் உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு மனப்பாடம்.

நமக்கு இங்கே முக்கியம் அவருடைய உடம்பு. சிலம்பம், வாள், கர்லாக்கட்டை, எடை தூக்குவது என்று தினமும் பயிற்சி. குடி, சிகரெட் கிடையாது. இன்றைக்கு இன்ஸ்டாவில் ஃபிட்னஸ் ரீல்ஸ் போடுகிறவர்கள் சொல்வதை எல்லாம் 70 வருஷம் முன்பே செய்துகொண்டிருந்தவர். 1959-ல் சீர்காழியில் நாடக மேடையில் கால் முறிந்தது, எழுந்து வந்தார். 1967 ஜனவரி 12-ல் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்தது. குரல் மாறிப்போனது, ஆனால் ஆள் மறுபடி வந்து சண்டைக் காட்சியில் நடித்தார். எதுவும் இவரை வீழ்த்தாது என்று கொட்டகையில் மண்ணைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த கரிசல் ஜனம் நம்பியதில் ஆச்சரியமே இல்லை.

அப்படிப்பட்டவரை வீழ்த்தியது, வலியே இல்லாமல் வரும் ஒரு வியாதி. சுகர்.

சத்தம் போடாத ஃபில்டர்

கொஞ்சம் உடம்புக்குள்ளே போய்ப் பார்ப்போம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் குட்டி வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மயிரிழையைவிட மெல்லிய ரத்தக் குழாய்களின் ஒரு சின்ன முடிச்சு. ரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் கூடுதலாகவே இருந்தால், அந்த முடிச்சுக்குள் அழுத்தம் ஏறும். வடிகட்டியின் சுவர் தடிக்கும், பிறகு ஓட்டை விழும். ரத்தத்திலேயே தங்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிய ஆரம்பிக்கும். கடைசியில் அந்த முடிச்சு தழும்பாகி மூடிக்கொள்ளும். ஒன்று மூடினால் பக்கத்தில் இருப்பது சேர்த்து வேலை பார்க்கும். அதனால் அதுவும் சீக்கிரம் தேயும்.

வில்லங்கம் என்னன்னா, பாதி வடிகட்டிகள் போன பிறகும் உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. நல்லா சாப்பிடுவீங்க, வண்டி ஓட்டுவீங்க, வேலைக்குப் போவீங்க. கால் வீக்கம், மூச்சுத் திணறல், வாந்தி எல்லாம் வந்து டாக்டர்கிட்ட போறப்போ ஆட்டம் கிட்டத்தட்ட முடிஞ்சிருக்கும். உடற்பயிற்சி செய்கிறவர், கெட்ட பழக்கம் இல்லாதவர் என்பதற்காக சுகர் யாரையும் விட்டுவைப்பதில்லை. கட்டுப்பாட்டில் வைக்கிறோமா என்பதுதான் அதற்குக் கணக்கு. எம்.ஜி.ஆருக்கு அது கட்டுப்பாட்டில் இல்லை. முதலமைச்சர் வேலை, பயணம், கட்சிப் பிரச்னை என்று ஓடிய அந்த வருஷங்களில், வீட்டிலேயே விரலைக் குத்தி சுகர் பார்க்கும் மீட்டர் நம்ம ஊரில் அபூர்வம்.

அந்த மூன்று மாதங்கள்

1984 அக்டோபர் 5. சென்னை அப்போலோ மருத்துவமனையில் எம்.ஜி.ஆர் சேர்க்கப்பட்டார். மருத்துவமனை திறந்தே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. அதோடு லேசான மாரடைப்பு, பிறகு பக்கவாதம். பிரதமர் இந்திரா காந்தி சென்னைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். அதே மாதம் 31-ம் தேதி அவரே சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே கொந்தளித்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில், நவம்பர் 5 அன்று தனி விமானத்தில் எம்.ஜி.ஆர் நியூயார்க்குக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

போன இடம் புரூக்ளினில் உள்ள டவுன்ஸ்டேட் மருத்துவ மையம். அங்கே சிறுநீரகப் பிரிவின் தலைவராக இருந்தவர் டாக்டர் எலி ஃபிரீட்மன். ஏன் அவர்? சர்க்கரை நோயால் கெட்டுப்போகும் சிறுநீரகம்தான் அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி.

இதைப் புரிந்துகொள்ள இன்னும் பின்னால் போகணும். ரத்தத்தை மெஷினில் சுத்தம் பண்ணலாம் என்று முதலில் செய்து காட்டியவர் வில்லெம் கோல்ஃப் என்ற டச்சு டாக்டர். இரண்டாம் உலகப் போர் நேரம், ஊரில் நாஜிப் படை, கையில் பொருள் எதுவும் இல்லை. சாசேஜ் இறைச்சிக்கு உறையாகப் பயன்படும் செல்லோஃபேன் குழாயை மர உருளையில் சுற்றி, உப்புத் தண்ணீர் தொட்டியில் சுழலவிட்டார். 1943-ல் முதல் முயற்சி. நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். 1945-ல்தான் ஒருவர் பிழைத்தார். 1960-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொடர் டயாலிசிஸ் வந்தபோது மெஷின் குறைவு, நோயாளிகள் அதிகம். யாருக்கு மெஷின், யாருக்கு மரணம் என்று முடிவு பண்ண ஊர்க்காரர்கள் கொண்ட ஒரு கமிட்டியே போட்டார்கள். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. அந்தக் காலத்தில் சர்க்கரை நோயாளிகளைப் பல இடங்களில் வரிசையிலேயே சேர்க்கவில்லை. எப்படியும் பிழைக்க மாட்டார்கள், மெஷினை ஏன் வீணாக்கணும் என்பதுதான் காரணம். அவர்களுக்கும் டயாலிசிஸும் மாற்று சிறுநீரகமும் தரலாம் என்று வாதாடி, செய்தும் காட்டியவர்களில் ஒருவர் ஃபிரீட்மன்.

மாற்று சிறுநீரகத்தின் கதை தனி. 1954-ல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே, ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருடைய சிறுநீரகத்தை இன்னொருவருக்கு வைத்து ஜெயித்தார். இரட்டையர் இல்லாதவர்களுக்கு? உடம்பு வெளி உறுப்பை எதிரியாகப் பார்த்துத் தாக்கும். அதைத் தடுக்கும் மருந்துகள் மெல்ல வந்தன. நம்ம தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி 1971-லேயே சிறுநீரகத்தை மாற்றி வைத்து இந்தியாவுக்கே வழிகாட்டியது. நார்வே மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்த சைக்ளோஸ்போரின், மாற்று அறுவையின் தலைவிதியையே மாற்றிய மருந்து. அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 1983-ல். எம்.ஜி.ஆர் புரூக்ளின் போவதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்பு. பத்து வருஷம் முன்னால் இதே நிலைமை வந்திருந்தால் 67 வயசு, சுகர், பக்கவாதம் என்று மூன்றையும் பார்த்துவிட்டுப் பெரும்பாலான டாக்டர்கள் கையை விரித்திருப்பார்கள்.

சிறுநீரகம் கொடுத்தவர் லீலாவதி. மேலே சொன்ன அண்ணன் சக்கரபாணியின் மகள். நாடகக் கம்பெனியில் ஒன்றாகப் பசியாறிய அண்ணனின் ரத்தம். டிசம்பர் மாதம், தமிழ்நாட்டில் வாக்குப்பதிவுக்குச் சில நாள்கள் இருக்கும்போது, அறுவை சிகிச்சை நடந்து முடிந்தது.

ஊரில் வேற லெவல் பரபரப்பு. ஆள் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதே தேர்தல் பிரச்னை! வாட்ஸ்அப் இல்லாமலே வதந்தி பஸ் ஏறி வந்தது. மருத்துவமனையில் அவர் சாப்பிடுவதையும் பேப்பர் பார்ப்பதையும் வீடியோ எடுத்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். இந்திய அரசியலில் ஒரு நோயாளியின் வீடியோ இந்த அளவுக்கு ஓட்டு வாங்கியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். கோயில், மசூதி, சர்ச் எல்லா இடத்திலும் பிரார்த்தனை. மொட்டை, மண்சோறு, தீச்சட்டி என்று நேர்த்திக்கடன்கள். டிசம்பர் 24-ல் வாக்குப்பதிவு. தொகுதிப் பக்கமே வராமல் ஆண்டிபட்டியில் எம்.ஜி.ஆர் ஜெயித்தார். அவருடைய கட்சிக்கு 132 இடங்கள்.

1985 பிப்ரவரி 4-ல் சென்னை திரும்பினார். 10-ம் தேதி மூன்றாவது முறையாக முதலமைச்சர். புது சிறுநீரகம் வேலை செய்தது. பக்கவாதம் பறித்த பேச்சு மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. வசனத்தால் வளர்ந்த ஒருவர் மேடையில் வார்த்தைக்குத் தடுமாறியதைப் பார்த்து அழுதவர்கள் ஏராளம்.

மதிய சாப்பாட்டுக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம்?

இங்கேதான் எனக்குக் கதையில் ரொம்பப் பிடித்த இடம். 1982 ஜூலை 1-ல் திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். சின்ன வயசில் தான் பட்ட பசிதான் அதற்குக் காரணம் என்பது ஊரறிந்த விஷயம். பணம் எங்கே என்று கேட்டவர்கள் நிறைய. அவர் நிறுத்தவில்லை. 1984 செப்டம்பரில், அதாவது அப்போலோவில் சேர்வதற்குச் சில வாரங்கள் முன்பு, 10 முதல் 15 வயது மாணவர்களுக்கும் அதை விரிவாக்கினார்.

மானாவாரி நிலத்தில் மழை பொய்த்த வருஷம் அடுப்பு எரியாத வீடுகளுக்கு அந்தச் சோறு என்ன அர்த்தம் தரும் என்று கரிசல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூடவே ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதே காலத்தில் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் விடியக்காலை வேனில் ஏறி தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்த குழந்தைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பள்ளிக்கூடம் போன பிள்ளைக்குத்தான் சத்துணவு. பெட்டி ஒட்டப் போன பிள்ளைக்கு அது போய்ச் சேரவில்லை. அவருடைய ஆட்சியின் மேல் இந்த விமர்சனம் நியாயமானது.

1988-ல், எம்.ஜி.ஆர் இறந்த மறு வருஷம், அமெரிக்க சிறுநீரக மருத்துவர் பேரி பிரென்னர் ஒரு கருத்தை முன்வைத்தார். வடிகட்டிகள் எல்லாம் நாம் பிறப்பதற்கு முன்பே உருவாகி முடிந்துவிடும். பிறகு புதிதாக ஒன்றுகூட முளைக்காது. கருவில் சரியாக வளராத குழந்தைக்கு அந்த எண்ணிக்கை குறைவாக அமையும். அந்தக் குறை பிற்காலத்தில் ரத்த அழுத்தமாகவும் சிறுநீரக நோயாகவும் தலைகாட்டும். அதே சமயத்தில் இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர், எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கு வளர்ந்த பிறகு இதய நோயும் சர்க்கரை நோயும் அதிகம் வருவதைப் பழைய பிறப்புப் பதிவேடுகளை வைத்துக் காட்டினார். இன்றைய ஆராய்ச்சிகள் பலவும் இந்தத் திசையில்தான் போகின்றன.

எம்.ஜி.ஆருக்கு இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அவர் பிறந்தபோது யாரும் எடை போட்டு எழுதிவைக்கவில்லை. ஆனால் ஒரு கோடு தெரிகிறது. 1982-ல் சத்துணவு சாப்பிட்ட பெண் குழந்தை, பத்துப் பதினைந்து வருஷம் கழித்து அம்மா ஆகிறாள். அவள் உடம்பில் இருந்த சத்து, அடுத்த தலைமுறையின் வடிகட்டி எண்ணிக்கையில் போய்ச் சேரும். சத்துணவை யாரும் சிறுநீரகத் திட்டமாகப் பார்த்ததில்லை. பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருக்குக் கிடைக்காத மாத்திரைகள்

எம்.ஜி.ஆரின் துரதிர்ஷ்டம், அவர் நடுவில் மாட்டிக்கொண்டார். கெட்டுப்போன சிறுநீரகத்தை மாற்ற 1984-ல் வழி இருந்தது. கெடாமல் தடுக்க வழி தெரியவில்லை. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்த கேப்டோபிரில் என்ற பி.பி மாத்திரை 1981-லேயே கடைக்கு வந்துவிட்டது. அது சுகர்காரர்களின் சிறுநீரகத்தையும் காப்பாற்றும் என்று பெரிய ஆய்வில் நிரூபணமானது 1993-ல். இன்று சிறுநீரக டாக்டர்கள் அதிகம் எழுதும் இன்னொரு மாத்திரை வகை, கூடுதல் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவது. அதன் மூலம் 1835-ல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையில் கண்டெடுத்த ஒரு பொருள். அந்த வகை மாத்திரைகள் சிறுநீரகச் செயலிழப்பைத் தள்ளிப்போடுகின்றன என்று 2019, 2020-ல் வந்த ஆய்வுகள் உறுதி செய்தன.

சுகரோ பி.பி-யோ இருக்கிறதென்றால் வருஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு டெஸ்ட். ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின். ரெண்டும் அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். சிறுநீரில் ஆல்புமின் கசிகிறது என்று தெரிந்தால், மேலே சொன்ன மாத்திரைகளுக்கு வேலை செய்ய நேரம் இருக்கிறது. அப்பா அம்மாவுக்கு சுகர் இருந்து நீங்க இன்னும் செக் பண்ணலைன்னா, இந்தப் பேராவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கோங்க.

கரிசல்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு கவலையும் இருக்கிறது. சுகர், பி.பி எதுவுமே இல்லாமல் சிறுநீரகம் கெடுகிற ஒரு நோய் உலகத்தின் வெயில் ஊர்களில் பரவுகிறது. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்கள், ஆந்திராவின் உத்தானம், எம்.ஜி.ஆர் பிறந்த இலங்கையின் வடமத்திய விவசாயக் கிராமங்கள். வெயிலில் தண்ணீர் வற்றி உழைப்பது, பூச்சி மருந்து, குடிதண்ணீரில் உள்ள தாதுக்கள் என்று சந்தேகப் பட்டியல் நீளம். ஒரே காரணம் என்று இன்னும் யாரும் அடித்துச் சொல்லவில்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, பெரும்பாலானவர்கள் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வதையும், சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதையும் கண்டார்கள். கோவில்பட்டியும் தூத்துக்குடி உப்பளங்களும் ஒரே மாவட்டம்தான்.

களை எடுக்கிற இடத்தில், உப்பளத்தில், கழிப்பறை கிடையாது. அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தள்ளிப்போடுகிறார்கள். சாயங்காலம் உடம்பு வலிக்குப் பெட்டிக்கடையில் ஒரு வலி மாத்திரை. தண்ணீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை இன்னும் குறைக்கும். தினமும் இது நடந்தால் என்ன ஆகும்? கல்லடைப்பு வந்தால் வலி ஊரைக் கூட்டிவிடும், டாக்டரிடம் போய்விடுவோம். இது அப்படிக் கூப்பிடாது. கம்பங்கூழ், நீச்சத்தண்ணி, மோர் என்று நம்ம அப்பத்தாக்கள் தூக்குவாளியில் காட்டுக்குக் கொண்டுபோனது சும்மா இல்லை. இப்போது அந்த இடத்தில் கலர் பாட்டில் வந்திருக்கிறது. சர்க்கரைத் தண்ணீரால் தாகம் தீர்ப்பது, எலிகளில் நடந்த ஆய்வுகளில் சிறுநீரகத்துக்குக் கெடுதலாகவே தெரிந்தது.

1987

திரும்பி வந்த பிறகு எம்.ஜி.ஆர் ஏறக்குறைய மூன்று வருஷம் வாழ்ந்தார். நடுவில் சிகிச்சைக்காக மறுபடி மறுபடி அமெரிக்கப் பயணம். 1987 டிசம்பர் 24 அதிகாலை, ராமாவரம் தோட்டத்து வீட்டில் இறந்தார். நோயாளியாகக் கட்டிலில் கிடந்தபடி தேர்தலை ஜெயித்த அதே தேதி, மூன்று வருஷம் கழித்து. வயது 70. மறு வருஷம் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது.

1984-ல் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டித் தொழிலாளிக்கு இதே வியாதி வந்திருந்தால் புரூக்ளினும் கிடையாது, தனி விமானமும் கிடையாது. டயாலிசிஸே எட்டாத தூரம். இன்று அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் இருக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மாற்று அறுவை சிகிச்சையும் வருகிறது. தட்டுப்பாடு இப்போது மெஷினில் இல்லை, உறுப்பில்தான். ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டால் நமக்கு என்ன ஆகுமோ என்ற பயம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. சித்தப்பாவுக்குக் கொடுத்த லீலாவதி மிச்சமிருந்த ஒற்றைச் சிறுநீரகத்தோடு கிட்டத்தட்ட 37 வருஷம் வாழ்ந்து, 2021 நவம்பரில் சென்னையில் காலமானார்.